அலைவடக்கியும் முட்டுக்காலும்

ஒரே பெயரால் இரு வேறு பொருள்களை அழைப்பது பேச்சு வழக்கில் பெரிய இடர் எதனையும் விளைப்பதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம். ஆனால் பணத்தையும் உயிரையும் ஒப்படைக்கும் ஓர் இயந்திரத்தில் பெயர் மயங்குமாயின், அம்மயக்கத்திற்கு விலை கொடுக்க நேரிடும். மலேசியப் பட்டறைகளில் வழங்கும் 'அப்சார்பர்' என்னும் சொல் அத்தகையது. காரின் முன்பக்கம் உள்ளதும் அப்சார்பர். பின்பக்கம் உள்ளதும் அப்சார்பர். மலாய்க்காரர், சீனர், தமிழர் எவரும் அவ்வாறே சொல்கின்றனர். எனினும் இந்நாட்டில் ஓடும் சிறு கார்களுள் பெரும்பாலானவற்றில் முன்னே இருப்பது வேறு, பின்னே இருப்பது வேறு. பின்னே இருப்பதுதான் உண்மையில் 'ஷாக் அப்சார்பர்'. முன்னே இருப்பதைப் பொறியியலார் 'ஸ்ட்ரட்' என்பர். இவ்விரண்டும் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டை அறிவதால் பயன் யாது என்பன இங்கு விளக்கப்பெறும்.

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்திலுள்ள செடெனாக் போன்ற ஊர்களில் வாழ்வோர் இதனை அறிந்திருக்கத் தனிக் காரணம் உண்டு. அங்கே ஒரு பக்கம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை செல்கிறது. அதில் கார்கள் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை செல்லலாம். மறுபக்கம் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகள். குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி, மழை பெய்தால் அவை குழியாகின்றன. வெயில் காய்ந்தால் வரிவரியான பள்ளங்களாக இறுகுகின்றன. ஒரே கார் காலையில் செம்மண் பாதையில் தொடங்கிச் சிறிது நேரத்தில் நெடுஞ்சாலையை அடைகிறது. செம்மண் பாதை காரின் உறுப்பைத் தேய்க்கிறது. அந்தத் தேய்வின் விளைவு நெடுஞ்சாலையில்தான் வெளிப்படுகிறது.

வில்லின் வேலை

முதலில் வில்லை அறிந்தாலன்றி மற்ற இரண்டையும் அறிதல் இயலாது. தமிழ்நாட்டில் முற்காலத்தே வசதியுள்ளோர் ஏறிச் சென்ற மாட்டு வண்டிக்கு 'வில்வண்டி' என்பது பெயர். அச்சுக்கும் வண்டித் தட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அமைத்திருந்தமையால் அப்பெயர் பெற்றது. பார வண்டியில் சக்கரம் கல்லின்மேல் ஏறினால் உள்ளே இருப்பவரின் முதுகெலும்பும் உடன் ஏறும். வில்வண்டியில் சக்கரம் மட்டும் மேலே எழும். வில் வளைந்து கொடுக்கும். வண்டித் தட்டு அத்துணை எழாது. ஆகவே, அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வது வில்லே என்பது வெளிப்படை.

இன்றைய கார்களிலும் இதே முறைதான். லாரிகளிலும் தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் பின்பக்கத்திலும் பட்டைவில் இருக்கிறது. சிறு கார்களில் சுருள்வில் இருக்கிறது. வடிவம் எதுவாயினும் வில்லுக்கு இரண்டு கடமைகள் உண்டு. வண்டியின் எடையைச் சுமந்து நிற்பது ஒன்று. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது வளைந்து கொடுப்பது மற்றொன்று. சுமைக்கு ஏற்ற அளவில் வில் சுருங்கும் அல்லது நீளும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டிலேயே விளக்கி வெளியிட்டார். இன்றும் வில் செய்வோர்க்கு அவ்விதியே அடிப்படை.

ஆனால் வில்லுக்கு ஒரு குறையும் உண்டு. அது வாங்கியதை வைத்துக்கொள்வதில்லை, திருப்பித் தந்துவிடும். ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் கை எடுத்த பின்னும் அது ஆடிக்கொண்டே இருப்பது போல, அழுந்திய வில் நிமிர்ந்து, நிமிர்ந்தது மீண்டும் அழுந்தி, பலமுறை அலைந்த பிறகே ஓயும். காரின் உடல் இவ்வாறு அலையும் வேகம் பொதுவாக வினாடிக்கு ஒரு முறை முதல் ஒன்றரை முறை வரை ஆகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் கடந்துவிடும். ஒரு மேட்டில் ஏறிய கார் மூன்று முறை அலைந்து ஓய்வதாகக் கொண்டால், அதற்குள் 50 முதல் 75 மீட்டர் வரை சென்றிருக்கும். அவ்வளவு தொலைவிலும் டயர் சாலையை ஒருகணம் மிகுதியாகவும் மறுகணம் குறைவாகவும் அழுத்திக்கொண்டிருக்கும். அழுத்தம் குறைந்த கணத்தில் பிரேக்கை மிதித்தாலோ ஸ்டீயரிங்கைத் திருப்பினாலோ டயருக்குப் போதிய பிடிப்பு இராது. சாலை நனைந்திருக்குமாயின் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அடக்குவதற்கு ஒரு கருவி

பழைய வில்வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்தமையால் ஆட்டம் ஓரளவு தானாகவே அடங்கியது. மாட்டின் நடைக்கு அது போதும். மோட்டாரின் வேகத்திற்குப் போதாது. சுருள்வில்லிலோ அவ்வுராய்வும் இல்லை. ஆகவே, வில்லின் அலைவை அடக்குவதற்குத் தனிக்கருவி ஒன்று வேண்டியதாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தட்டுகள் உராயும்படி அமைத்த அடக்கிகள் வழக்கில் இருந்தன. பின்னர் எண்ணெயின் எதிர்ப்பைப் பயன்படுத்தும் கருவிகள் வந்தன. இன்று காரில் உள்ளது குழாய் வடிவான எண்ணெய்க் கருவி.

அதன் உள்ளமைப்பு எளியது. எண்ணெய் நிறைந்த ஒரு குழாய். அதனுள் மேலும் கீழும் செல்லும் ஒரு பிஸ்டன். அப்பிஸ்டனில் சிறு துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் வால்வுகளும். சக்கரம் அசைந்தால் பிஸ்டன் அசையும். பிஸ்டன் அசைய வேண்டுமானால் எண்ணெய் அத்துளைகள் வழியே நுழைந்து செல்ல வேண்டும். மெல்ல அசைத்தால் எண்ணெய் எளிதில் வழிவிடும். விரைந்து அசைத்தால் முரண்டு பிடிக்கும். ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சில் நீர் ஏற்றி மெதுவாக அழுத்துக. பின்னர் வேகமாக அழுத்துக. இரண்டிற்கும் வேண்டிய வலிமையில் உள்ள வேறுபாட்டை விரலே உணரும். கருவியின் தத்துவம் முழுவதும் அதில் அடங்கியுள்ளது.

அலையும் வில்லிலிருந்த ஆற்றல் எங்கே போகிறது? எண்ணெய் துளைகளில் நெருக்குண்டு செல்கையில் வெப்பமாகிறது. அவ்வெப்பம் குழாயின் சுவர் வழியே காற்றில் கலந்துவிடும். கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடிவந்த காரின் கருவி சுடுவதற்கு இதுவே காரணம். வெப்பமும் விரைந்த அசைவும் எண்ணெயை நுரைக்கச் செய்யும். நுரைத்த எண்ணெய் துளைகளில் தடையின்றி ஓடும். அடக்கும் திறன் குன்றும். அதனைத் தடுக்கவே பல கருவிகளில் நைட்ரஜன் வாயுவை அடைக்கின்றனர்.

இங்கே பெயரைச் சற்று ஆராய்தல் வேண்டும். 'ஷாக் அப்சார்பர்' என்பதற்கு அதிர்ச்சியை ஏற்பது என்பது பொருள். அதனைப் பின்பற்றியே தமிழில் 'அதிர்வேற்பி' எனப் பெயரிட்டனர். ஆனால் அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில் என்பதை மேலே கண்டோம். இக்கருவி அதிர்ச்சியை ஏற்பதைவிட, அதன்பின் எழும் அலைவை அடக்குவதையே தன் தொழிலாகக் கொண்டது. பிரிட்டிஷ் பொறியியலார் இதனை 'டேம்பர்' என்பதும் அதுபற்றியே. ஆதலால் 'அலைவடக்கி' என்பது செயலுக்குப் பொருந்திய பெயராகும்.

இக்கருவி எடையைச் சுமப்பதில்லை என்பதை மறத்தலாகாது. வில்லும் அலைவடக்கியும் தனித்தனியே உள்ள பின்பக்கத்தில் அலைவடக்கியை மட்டும் கழற்றிவிட்டாலும் நிற்கும் காரின் உயரம் மாறாது எனலாம். ஓட்டினால்தான் அது துள்ளித் துள்ளிச் செல்லும். இவ்வொரு செய்தியே அலைவடக்கியை முட்டுக்காலினின்றும் பிரித்தறிவதற்குத் திறவுகோல்.

முட்டுக்கால் என்பது யாது?

குலை தள்ளிய வாழை சாயாதிருக்க அதற்கு முட்டுக் கொடுப்பர். முட்டாக நிற்கும் கழி குலையின் பாரத்தைத் தாங்குகிறது. மரம் எப்பக்கமும் சாயாமல் நிறுத்தவும் செய்கிறது. அக்கழியை எடுத்துவிட்டால் மரம் நில்லாது. 'ஸ்ட்ரட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் இதுவே. கட்டடத்திலும் பாலத்திலும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் கால் எதுவும் ஸ்ட்ரட்தான். எனவே, அதனை 'முட்டுக்கால்' எனத் தமிழில் சொல்லுதல் தகும்.

காரில் இம்முட்டுக்காலைப் புகுத்திய பெருமை எர்ல் மெக்ஃபெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளருடையது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 'கேடட்' என்னும் சிறிய காரை உருவாக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். அத்திட்டம் 1947-இல் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். தம் அமைப்பிற்கான காப்புரிமையை 1947-இல் கோரி 1953-இல் பெற்றார். 1950-இல் பிரிட்டனில் ஃபோர்டு வெளிப்படுத்திய கான்சல், செஃபிர் என்னும் கார்களில் இவ்வமைப்பு இடம்பெற்றது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதற்கு முன் முன்சக்கரத்தைப் பொருத்தப் பொதுவாக மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இடையே வில், தனியே அலைவடக்கி எனப் பல உறுப்புகள் வேண்டியிருந்தன. மெக்ஃபெர்சன் மேற்கையை அறவே நீக்கினார். அலைவடக்கியின் குழாயைப் பெரிதாக்கி, வலுவூட்டி, அதன் அடியைச் சக்கரத்தைத் தாங்கும் கணுவோடு இறுகப் பூட்டினார். குழாயின் மேற்புறத்தில் ஒரு தட்டை அமைத்து அதன்மேல் சுருள்வில்லை நிறுத்தினார். உச்சியைக் காரின் உடலோடு ரப்பர் இருக்கையால் இணைத்தார். கீழே ஒரு கை மட்டும் எஞ்சியது. உறுப்புகள் குறைந்தன, விலை குறைந்தது, சக்கரங்களுக்கு இடையே எஞ்சினுக்கு இடம் கிடைத்தது. எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை இயக்கும் சிறு கார்கள் பெருகிய காலத்தில் இவ்விட வசதியே முட்டுக்காலை உலகெங்கும் பரப்பிற்று.

இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, மலேசியாவில் 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கான்சில், 2005-இல் வந்த மைவி ஆகிய அனைத்திற்கும் முன்பக்கத்தில் முட்டுக்காலே உண்டு. மைவியின் பின்பக்கத்திலோ சுருள்வில் ஓரிடத்திலும் அலைவடக்கி வேறோரிடத்திலும் நிற்கின்றன. ஒரே காரில் இவ்விரண்டையும் கண்ணால் கண்டு ஒப்பிடலாம்.

முட்டுக்காலுக்கு உள்ள கடமைகளை எண்ணினால் வேறுபாடு தெளிவாகும். அலைவை அடக்குதல் ஒன்று. இஃது அலைவடக்கிக்கும் உண்டு. வில்லை ஏந்தி வண்டியின் எடையைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்த்தல் இரண்டு. சக்கரம் உள்ளும் புறமும் சாயாமல் நேராக நிறுத்துதல் மூன்று. முன்பக்கத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புந்தோறும் சக்கரத்துடன் தானும் திரும்புதல் நான்கு. இத்திருப்பத்திற்காகவே அதன் உச்சியில் ஒரு பேரிங் இருக்கிறது. பக்கவாட்டில் வரும் வளைக்கும் விசையையும் தாங்க வேண்டியிருப்பதால் இதன் பிஸ்டன் தண்டு தடித்தது. சாதாரண அலைவடக்கியின் தண்டு ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமன் இருக்கும். முட்டுக்காலின் தண்டு பெருவிரல் பருமன் இருக்கும். அலைவடக்கியைக் கழற்றினால் கார் நிற்கும். முட்டுக்காலைக் கழற்றினால் சக்கரமே நிலைகுலைந்து சாயும்.

கப்சாய் காட்டும் பாடம்

சுருள்வில் சுற்றியிருந்தால் முட்டுக்கால், சுற்றாதிருந்தால் அலைவடக்கி எனச் சிலர் கொள்வர். இது பொருந்தாது. தோட்டந்தோறும் ஓடும் 'கப்சாய்' மோட்டார் சைக்கிளை நோக்குக. பின்சக்கரத்தின் இரு பக்கமும் சுருள்வில் சுற்றிய கருவிகள் உள்ளன. அவை எடையைத் தாங்குகின்றன, அலைவையும் அடக்குகின்றன. ஆயினும் அவை காரின் முட்டுக்கால் போன்றவை அல்ல. ஏனெனில், பின்சக்கரத்தை அதன் வழியில் நிறுத்துவது அச்சிலிருந்து முன்னோக்கிச் செல்லும் இரும்புக் கைதான். கருவிகளைக் கழற்றினாலும் சக்கரம் அக்கையில் பூட்டியபடியே இருக்கும்.

முன்சக்கரத்தைப் பற்றியிருக்கும் இரு குழாய்களை அடுத்து நோக்குக. வில் வெளியே தெரிவதில்லை, உள்ளே இருக்கிறது. ஆனால் அக்குழாய்கள் எடையைத் தாங்குகின்றன. எண்ணெயால் அலைவை அடக்குகின்றன. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. கைப்பிடியோடு திரும்பவும் செய்கின்றன. அவற்றைக் கழற்றினால் முன்சக்கரம் இல்லை. செயலால் நோக்கின் காரின் முட்டுக்காலுக்கு நெருங்கிய உறவு அவையே. ஆகவே, பிரித்தறியும் வினா 'வில் சுற்றியிருக்கிறதா?' என்பதன்று, 'சக்கரத்தை நிறுத்துவது எது?' என்பதே.

கார்களிலும் இவ்வாறே. ஹைலக்ஸின் முன்பக்கத்தில் அலைவடக்கியைச் சுருள்வில் சூழ்ந்திருக்கும். ஆயினும் மேலும் கீழும் உள்ள இரு கைகளே அங்குச் சக்கரத்தை நிறுத்துகின்றன. அதனை முட்டுக்கால் எனல் ஆகாது.

பட்டறையில் பயன்படும் அறிவு

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. முதலாவது, கார் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் குற்றம் பெரும்பாலும் வில்லினுடையது. அலைவடக்கியை மாற்றினால் உயரம் திரும்பாது. மாறாக, உயரம் சரியாக இருந்தும் மேட்டில் ஏறி இறங்கிய கார் பலமுறை அலைந்தால், பிரேக் மிதிக்கையில் மூக்குக் குப்புறத் தாழ்ந்தால், வளைவில் மிகுதியாகச் சாய்ந்தால், டயர் ஒரே சீராகத் தேயாமல் இடையிடையே குழிந்து தேய்ந்தால், குழாயின் மேல் எண்ணெய் வழிந்து தூசி படிந்திருந்தால் அடக்கும் திறன் குன்றியதென ஐயுறலாம். காரின் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையும் ஓரளவு பயன்படும். ஒன்றரை அலைவுக்குள் அடங்க வேண்டும். எனினும் அச்சோதனையில் தேறியது என்பதனாலேயே நல்லதென்று துணிதல் கூடாது. கையின் அழுத்தம் சாலையின் அதிர்ச்சிக்கு ஈடாகாது.

இரண்டாவது, விலை. பின்பக்க அலைவடக்கியை மாற்றுவது எளிது. மேலும் கீழும் உள்ள பூட்டுகளைக் கழற்றிப் புதியதை மாட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. முட்டுக்காலில் அவ்வாறன்று. குழாய் புதிதாயினும் பழைய ரப்பர் இருக்கையும் தேய்ந்த பேரிங்கும் மீண்டும் ஏறினால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எழும் 'கட கட' ஓசை போகாது. ஆகவே, 'அப்சார்பர் இவ்வளவு' என ஒரு தொகை சொல்லப்படும்போது அஃது எவற்றை உள்ளடக்கியது எனக் கேட்டல் வேண்டும். முட்டுக்காலை மாற்றிய பின் சக்கரங்களின் சாய்வும் நேரும் மாறியிருக்கக்கூடும். அலைன்மெண்ட் பார்க்காது விட்டால் புதிய டயரும் சில மாதங்களில் ஓரம் தேய்ந்துவிடும். எதனை மாற்றினும் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை. ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் துள்ளினால் கார் நேரே நில்லாது.

மூன்றாவது, உயிர்க்காப்பு. செலவைக் குறைக்க வீட்டிலேயே பழுது பார்க்கும் பழக்கம் தோட்டப்புறங்களில் உண்டு. கப்சாய் பழுது பார்த்துத் தேர்ந்த இளைஞர் காரிலும் கைவைப்பர். பின்பக்க அலைவடக்கியை முறைப்படி காரை முட்டுக் கொடுத்து நிறுத்தி மாற்றினால் இடர் குறைவு. முட்டுக்காலின் வில்லோ நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு ஈடான விசையோடு அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதனை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் உச்சியிலுள்ள நட்டைக் கழற்றினால் வில் ஒரு நொடியில் விரிந்து எதிரே உள்ளதைத் தாக்கும். உயிருக்கே இறுதி நேரலாம். இரண்டும் அப்சார்பர்தானே என்னும் எண்ணமே இங்குப் பகையாகிறது.

வகுப்பறையில்

அறிவியல் பாடத்தில் இதனை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு சுருள்வில்லில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இழுத்து விட்டால், கல் நெடுநேரம் ஆடும். அதே கல் நீர் நிறைந்த வாளியில் மூழ்கியிருக்கும்படி செய்து இழுத்து விட்டால், விரைவில் அடங்கும். வில் தாங்குவதையும் நீர் அடக்குவதையும் மாணவர் தாமே கண்டுகொள்வர். பின்னர்ப் பள்ளி வாயிலில் நிற்கும் கப்சாயின் முன்குழாயையும் பின்கருவியையும் காட்டி, 'இவற்றுள் எதைக் கழற்றினால் சக்கரம் போய்விடும்?' என வினவினால் முட்டுக்காலின் பொருள் விளங்கும்.

வில் தாங்கும், அலைவடக்கி அடக்கும், முட்டுக்கால் வில்லை ஏந்தி, அலைவை அடக்கி, சக்கரத்தையும் நிறுத்தும். மூன்று செயலுக்கும் மூன்று பெயர் தமிழில் உண்டு. பட்டறையில் 'அப்சார்பர்' என்னும் சொல் தொடர்ந்து வழங்கினும் கேடில்லை. அச்சொல்லைக் கேட்டவுடன் 'முன்னதா, பின்னதா? சக்கரத்தை நிறுத்துவதா, ஆட்டத்தை மட்டும் அடக்குவதா?' என்னும் வினா நாவில் எழுமாயின் அதுவே போதும். அவ்வினாவைக் கேட்பவரிடம் வேண்டாத பொருளை விற்பது அரிது. அதனைக் கேட்டுவிட்டு நட்டில் கைவைக்கும் இளைஞரும் வில்லை இறுக்கிய பின்னரே அதனைத் திருகுவார்.